கிளவுடுக்குப் போன பிறகும் அப்டேட்டுக்கு ஆள் எதற்கு?

கேள்வி, 4 மார்ச் 2024

கணக்கு, சரக்கு, சம்பளம் மூன்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டோம். விற்றவர்கள் "அப்டேட் இனி எங்கள் பாடு, நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்" என்றார்கள். ஆனால் எங்கள் ஐடி ஆள் அப்டேட் வேலைக்கென்று மாதத்தில் நாலைந்து நாள் கேட்கிறார். சர்வரே நம்மிடம் இல்லாதபோது அவருக்கு அதில் என்ன வேலை? கதை விடுகிறாரா?

பதில், 4 மார்ச் 2024, இரவு

கதை விடவில்லை. நாலைந்து நாள் என்பதே குறைவு.

பொத்தானை அழுத்துவது அவர்கள், திங்கட்கிழமை காலையில் போன் வருவது எனக்கு. முன்பு சர்வர் எங்கள் அறையிலேயே இருந்தது. ஒரே பதிப்பில் ஆறு வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். நல்ல பழக்கம் என்று சொல்லமாட்டேன், ஆனால் யாரும் எங்களை எழுப்பவில்லை. இப்போது விற்பனை மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸ் ஆண்டுக்கு மூன்று முறை புதுப் பதிப்பு விடுகிறது. பணியாளர், சம்பள மென்பொருளான வொர்க்டே மார்ச்சிலும் செப்டம்பரிலும். நிதி மென்பொருளான ஆரக்கிள் ஃபியூஷன் காலாண்டுக்கு ஒன்று. இப்படி இரண்டு மூன்றை ஒரே நிறுவனம் வைத்திருந்தால் வருடத்தில் மூச்சுவிட மாதமே இருக்காது.

சோதித்துத்தானே விடுவார்கள் என்று கேட்பீர்கள். சோதிக்கிறார்கள், அவர்களுடைய மென்பொருளை. அதன் மேல் நீங்கள் ஒட்டவைத்த பில் வடிவம், கூடுதலாகச் சேர்த்த கட்டங்கள், நள்ளிரவில் ஓடும் கோப்புப் பரிமாற்றம், மூன்று பேர் கையெழுத்திடும் ஒப்புதல் வரிசை, இதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்களிடம் நடந்தது ஒன்று. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு விற்பனை ஆர்டரில் டெலிவரி தேதி கட்டாயமாகிவிட்டது. திரையில் வேலை செய்பவர்கள் சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்து நிரப்பினார்கள். வலைத்தளத்திலிருந்து தானாக வந்து விழும் ஆர்டர்களுக்குச் சிவப்பு நட்சத்திரம் எங்கே தெரியப்போகிறது? இரண்டு நாள் ஆர்டர் முழுக்கப் பிழைப் பட்டியலில் தேங்கிக் கிடந்தது. அந்தப் பட்டியல் தினமும் மின்னஞ்சலில் ஒருவருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. அவர் எட்டு மாதம் முன்பே வேலையை விட்டுப் போனவர்.

வெளியீட்டுக் குறிப்பில் அந்த மாற்றத்தைச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு வரி.

5 மார்ச் 2024

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால் நான் கிளவுடுக்கு எதிரி போலத் தெரிகிறது. இல்லை. நடு ராத்திரியில் சர்வர் அறைக்குப் போய் விசிறிச் சத்தத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். திரும்பிப் போகச் சொன்னால் வேறு வேலை தேடிக்கொள்வேன்.

7 மார்ச் 2024

"தள்ளிப்போட வழி உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மென்பொருளைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்டின் கணக்கு மென்பொருளான டைனமிக்ஸ் 365 ஃபைனான்ஸில் இந்த ஆண்டிலிருந்து வருடத்துக்கு நான்கு அப்டேட். அதில் குறைந்தது இரண்டை எடுத்தே ஆகவேண்டும், அடுத்தடுத்து இரண்டைத் தள்ள முடியாது. வொர்க்டேயில் தள்ளும் பேச்சே கிடையாது, எல்லோருக்கும் ஒரே நாள். சேல்ஸ்ஃபோர்ஸில் பதிப்பைத் தள்ள முடியாது, ஆனால் சில மாற்றங்களுக்கு மட்டும் "இந்தத் தேதிக்குள் நீங்களே இயக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் இயக்குவோம்" என்று கெடு கொடுப்பார்கள்.

முன்னோட்ட அவகாசமும் (புதுப் பதிப்பை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கத் தரும் நாட்கள்) ஆளுக்கொரு விதம். வொர்க்டே ஐந்து வாரம் தருகிறது. ஆரக்கிள் ஃபியூஷனில் சோதனைச் சூழலுக்கு வந்து இரண்டே வாரத்தில் நிஜ வேலை நடக்கும் நேரடிச் சூழலுக்கு வந்துவிடும். அந்த இரண்டு வாரம் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களோடு மோதினால் கணக்குப் பிரிவில் ஒருவர்கூடச் சோதனைக்கு வரமாட்டார். வரச் சொல்லவும் வாய் வராது.

என் கொள்கை எளிது: தள்ளிப்போட முடிந்ததையெல்லாம் கடைசி நாள் வரை தள்ளு. மற்றவர்கள் முதலில் அடி வாங்கட்டும்.

9 மார்ச் 2024

வெளியீட்டுக் குறிப்புகளை எப்படிப் படிக்கிறேன் என்று கேட்டதால். முழுதாகப் படிப்பதில்லை. சில பதிப்புகளுக்கு நூற்றுக்கணக்கான பக்கம். முதல் வருடம் நானும் மஞ்சள் பேனாவோடு உட்கார்ந்தேன். நாற்பதாம் பக்கத்தில் எல்லாமே மஞ்சளாக இருந்தது.

இப்போது மூன்று கேள்விதான். எது தானாகவே இயங்கப்போகிறது? எது போகப்போகிறது? எது இதுவரை விருப்பமாக இருந்து இனிக் கட்டாயமாகிறது? "புதிய வசதி, நீங்கள் இயக்கினால்தான் இயங்கும்" என்பதையெல்லாம் தாண்டிப் போய்விடுவேன். விளம்பரத்தில் தடித்த எழுத்தில் வருவது பெரும்பாலும் அந்த வகை. நம்மைக் கவிழ்ப்பது கடைசிப் பக்கங்களில் "சிறு மேம்பாடுகள்" என்ற தலைப்பின் கீழ் படுத்திருக்கும்.

23 மார்ச் 2024

கொஞ்சம் சிரிக்கலாம். கணக்குப் பிரிவில் ஓர் அக்கா. இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். ஒவ்வொரு வேலைக்கும் எந்த இடத்தில் சொடுக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று கோடு போட்ட நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறார். "மேலே வலது ஓரம், நீல பட்டன், இரண்டு தடவை அமுக்கக் கூடாது." இந்த மாதம் நீல பட்டன் இடது ஓரத்துக்குப் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. அக்கா நேராக என் மேசைக்கு வந்து நோட்டைத் திறந்து வைத்தார்.

"தம்பி, இந்தப் பக்கத்தை நான் மூணாவது தடவையா அடிச்சு எழுதுறேன். அவங்களுக்குப் பொழுது போகலன்னா வேற எதையாவது நகர்த்தச் சொல்லு."

பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே ஆயிரம் மாற்றம் நடந்தாலும் பயனருக்கு அப்டேட் என்றால் நகர்ந்துபோன பட்டன்தான்.

15 ஏப்ரல் 2024

நேற்றைய கூத்து. அப்டேட் ஞாயிறு அதிகாலை 2 முதல் 4 வரை என்று அறிவிப்பு. நானும் இன்னும் இருவரும் ஐந்து மணிக்கே வந்து உட்கார்ந்தோம். லாகின், பில், சரக்கு வரவு, சம்பள அறிக்கை, வங்கிக்கோப்பு, வரிசையாகச் சோதித்தோம். ஒரு பிழை இல்லை. "இவ்வளவு சுத்தமான அப்டேட்டைப் பார்த்ததே இல்லை" என்று மேலிடத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனேன்.

அறிவிப்பில் இருந்தது யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். எங்கள் கடிகாரம் அதற்குச் சில மணி நேரம் முன்னால் ஓடுவது. வீட்டில் நான் செருப்பைக் கழற்றிய நேரத்தில்தான் அவர்கள் அப்டேட்டையே தொடங்கியிருக்கிறார்கள்.

16 ஏப்ரல் 2024

ஆமாம், அந்த மின்னஞ்சலைத் திரும்பப் பெற முயன்றேன். இல்லை, முடியவில்லை. இப்போது சோதனைப் பட்டியலின் முதல் வரி: "பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பார்." பெரும்பாலான மென்பொருளில் 'பற்றி' என்ற பக்கத்தில் இருக்கும். மூன்று நொடி வேலை.

2 மே 2024

சாண்ட்பாக்ஸில் (சோதனைக்கென்று வைத்திருக்கும் நகல் அமைப்பில்) எல்லாம் சரியாக இருந்து நேரடிச் சூழலில் உடைந்தது எப்படி என்று கேட்டவருக்கு. எங்களுக்கும் நடந்தது, வாடிக்கையாளருக்குப் பில் அனுப்பும் மின்னஞ்சலில்.

சாண்ட்பாக்ஸில் வெளியே மின்னஞ்சல் போகாமல் அடைத்து வைத்திருந்தோம். அடைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சோதனைப் பில் நிஜ வாடிக்கையாளருக்குப் போய்விடும். "அனுப்பு" அமுக்கினால் "அனுப்பப்பட்டது" என்று வந்தது, பச்சை டிக் போட்டோம். உண்மையில் அனுப்பும் கட்டத்தில்தான் டெம்ப்ளேட் உடைந்திருந்தது. அந்தக் கட்டத்துக்குச் சாண்ட்பாக்ஸ் போகவே இல்லை. நேரடிச் சூழலில் தொகை வரவேண்டிய இடத்தில் அந்தக் கட்டத்தின் உள்பெயரே அச்சாகிப் போனது. ஒரு வாடிக்கையாளர் "இந்தத் தொகையை எந்த நாணயத்தில் கட்டவேண்டும்?" என்று பதில் எழுதினார். நல்ல மனிதர்.

இப்போது வெளி முகவரி எல்லாவற்றையும் எங்கள் சோதனைப் பெட்டிக்குத் திருப்பிவிடுகிறோம். மின்னஞ்சல் போகும், ஆனால் எங்களிடமே வரும். இன்னொன்று, சாண்ட்பாக்ஸ் எப்போது நகலெடுக்கப்பட்டது என்று பாருங்கள். எங்களுடையது ஒன்பது மாதப் பழசு. அதற்குள் நாங்களே பத்துப் பதினைந்து மாற்றம் செய்திருந்தோம். நாங்கள் சோதித்தது இன்றைய அமைப்பை அல்ல, போன வருடத்து அமைப்பை.

11 மே 2024

இணைப்புகளைப் பற்றி. உங்கள் கிளவுட் மென்பொருளோடு வேறு எதெல்லாம் பேசுகிறது என்று ஒரு பட்டியல் இருக்கிறதா? எங்களிடம் இருக்கிறது. 14 இணைப்புகள்.

இது ஏன் முக்கியம் என்றால், அப்டேட் என்றால் புதுத் திரை மட்டும் வருவதில்லை, பழைய கதவும் மூடும். மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் வெறும் பயனர்பெயர், பாஸ்வேர்டு கொடுத்து நுழையும் பழைய முறையை 2019-லேயே நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். கெடு தள்ளிப்போய், 2022 அக்டோபர் 1 முதல் நிறுத்தத் தொடங்கினார்கள். மூன்று வருட அவகாசம். ஆனால் பில் வரும் பெட்டியை ஐமேப் என்ற மின்னஞ்சல் வாசிக்கும் முறை வழியாகத் திறந்து படிக்கும் ஒரு சின்ன நிரல் எங்கோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு அறிவிப்பைப் படிக்கத் தெரியாது. அதை எழுதியவர் படித்திருக்க வேண்டும்.

13 மே 2024

திருத்தம். 14 என்று எழுதினேன். எழுதிய கையோடு சந்தேகம் வந்து தேடினேன். 19.

30 ஜூன் 2024

இணைப்புகள் 23. இனி எண்ணமாட்டேன்.

விட்டுப்போன ஒன்பதில் ஐந்தை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், லாகின் பதிவேட்டில் கடந்த 90 நாளில் மனிதக் கைபடாமல் நுழைந்த கணக்குகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். மற்ற நான்கும் தானாகவே வெளியே வந்தன. மென்பொருள் நிறுவனம், பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்கு லாகினைக் கட்டாயமாக்கிய அன்று காலை அவை நின்றுபோயின. நான்குமே முன்பு வேலை பார்த்த ஒருவரின் சொந்தக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. ஆள் போய் வருடங்கள் ஆகியும் கணக்கை மூட யாருக்கும் தைரியம் வந்திருக்கவில்லை. "மூடினால் ஏதாவது நின்றுவிடும்" என்று பேச்சு. நின்றது, பேச்சு சரிதான்.

தப்பு முழுக்க எங்களுடையது. இணைப்புக்கென்று தனிக் கணக்கு போட்டிருக்க வேண்டும்.

20 ஜூலை 2024

நேற்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் விழுந்த விஷயம் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். எங்களிடம் அது இல்லை, தப்பித்தோம். கிளவுட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, திறக்கத்தான் கணினி இல்லை என்ற நிலை உலகம் முழுக்க. பெரிதாக எழுத இப்போது தெம்பில்லை, தெரிந்தவர்களுக்கு நேற்று முழுக்கத் தொலைபேசியில் சேஃப் மோடுக்கு (விண்டோஸை அடிப்படை நிலையில் மட்டும் திறக்கும் முறை) வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

25 ஜூலை 2024

தூங்கி எழுந்தாகிவிட்டது. பழுதான கோப்பு 19-ம் தேதி யுடிசி 04:09-க்குப் போயிருக்கிறது, 05:27-க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 78 நிமிடம். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்பது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. திரும்பப் பெற்றும் விழுந்தவை தாமாக எழவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் வசதி) போட்ட கணினியில் அதற்கு முன் மீட்பு விசையையும் தேடியாக வேண்டும்.

என்னை உறுத்துவது வேறு. மார்ச் 7-ல் "தள்ளிப்போடு, மற்றவர்கள் முதலில் அடி வாங்கட்டும்" என்று எழுதினேன். அந்த மென்பொருளிலும் ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கும்படி அமைத்துக்கொள்ள வசதி இருந்தது. அப்படி அமைத்தவர்களும் விழுந்தார்கள். அந்த அமைப்பு மென்பொருளின் பதிப்புக்குத்தான், அன்று போனது அச்சுறுத்தலைக் கண்டறியும் உள்ளடக்கக் கோப்பு. அதற்குப் படிப்படியாக விடும் முறையே அன்று இருக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே வீச்சு.

ஆகவே உங்கள் மென்பொருள் நிறுவனத்திடம் கேட்க ஒரு கேள்வி: நான் தள்ளிப்போடும்போது எதெல்லாம் உண்மையில் தள்ளிப்போகிறது? நான் கேட்டேன். எங்கள் மென்பொருளில் பெரிய பதிப்புக்கு மட்டும்தான் அது பொருந்தும். வாராந்திரத் திருத்தங்கள் கேட்காமலே வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

8 ஆகஸ்ட் 2024

கிரவுட்ஸ்ட்ரைக்கின் மூல காரண அறிக்கை வந்துவிட்டது. புது வார்ப்புரு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, நிரல் கொடுத்தது 20. இல்லாத 21-வதைப் படிக்கப் போய் நினைவகத்துக்கு வெளியே கால் வைத்தது. 21-வது இடத்தில் "எதுவாக இருந்தாலும் சரி" என்று போட்டே சோதித்ததால் அதுவரை பிடிபடவில்லை. என்னுடைய பச்சை டிக் மின்னஞ்சல் ஞாபகம் வந்தது. சிரிக்க முடியவில்லை.

12 ஆகஸ்ட் 2024

"அப்படியானால் எல்லா அப்டேட்டையும் நிறுத்திவிட வேண்டியதுதான்" என்று எழுதியவருக்கு: தயவுசெய்து வேண்டாம். என் மார்ச் 7 கொள்கையையும் இத்துடன் பாதி திரும்பப் பெறுகிறேன்.

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸின் கதையைப் பாருங்கள். அவர்கள் வலைத்தளத்துக்குப் பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 7-ல் திருத்தம் வந்துவிட்டது. அவர்கள் போடவில்லை. மே மாதம் திருடர்கள் அந்த ஓட்டை வழியாகவே நுழைந்தார்கள். ஏறக்குறைய 14.7 கோடி பேரின் விவரம் போனது. கிளவுட் மென்பொருளில் இந்த வகைத் திருத்தத்தை அவர்களே போட்டுவிடுகிறார்கள், அதற்காகவாவது கிளவுடை நான் வாழ்த்துவேன். ஆனால் உங்கள் பக்கத்தில் நீங்கள் ஓட்டும் இணைப்பு நிரல்கள், அச்சு ஏஜென்ட் (பிரிண்டருக்கு அனுப்பும் நிரல்), கோப்புப் பரிமாற்றச் சர்வர், இவற்றுக்கு நீங்கள்தான் பொறுப்பு. எங்கள் 23 இணைப்புகளில் ஆறு, வருடக்கணக்கில் யாரும் தொடாதவை.

இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் தள்ளிப்போட்டுக்கொண்டே போய், கெடு முடிந்தபோது இரண்டு பதிப்பு மாற்றங்களும் சேர்ந்து ஒரே நாளில் வந்தன. ஒரு அறிக்கையில் கூட்டுத்தொகை தப்பாக வந்தது. எந்தப் பதிப்பால் என்று பிரித்தறிய ஒரு வாரம். தனித்தனியாக வந்திருந்தால் அரை நாள் வேலை.

18 செப்டம்பர் 2024

மார்ச் 23-ல் அக்காவின் நோட்டைச் சொல்லிச் சிரித்தேன் அல்லவா. அந்தச் சிரிப்பையும் திரும்பப் பெறுகிறேன்.

இந்த முறை முன்னோட்டச் சூழல் வந்ததும் எங்கள் சோதனைப் பட்டியலை முடித்துவிட்டோம், 60 வரி, எல்லாம் பச்சை. அக்கா எதற்கோ வந்தவர், "இருங்க, நான் ஒரு தடவை நோட்டுப்படி போட்டுப் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்தார். பதினொன்றாம் பக்கம்: முன்பணம் வாங்கிய ஆர்டரைப் பாதி ரத்து செய்து, மீதிக்குப் பில் போட்டு, முன்பணத்தைக் கழிப்பது. கழியவில்லை. முன்பணம் அப்படியே தொங்கியது, பில் முழுத்தொகைக்கு வந்தது.

எங்கள் பட்டியலில் "பில் போடு" இருந்தது, "ரத்து செய்" இருந்தது, "முன்பணம் கழி" இருந்தது. மூன்றும் தனித்தனியாகப் பச்சை. மூன்றையும் ஒரே ஆர்டரில் செய்பவர் அக்கா மட்டும்தான், மாதத்தில் நாற்பது தடவை செய்கிறார். எங்கள் பட்டியலை எழுதியது நான், மெனுவைப் பார்த்து. அவருடைய நோட்டை எழுதியது அவருடைய வேலை.

நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினோம். நேரடிச் சூழலுக்கு வருவதற்குள் திருத்தித் தந்தார்கள்.

19 செப்டம்பர் 2024

நோட்டை ஸ்கேன் செய்யக் கேட்டேன். தரமாட்டேன் என்கிறார். "பக்கத்துல உட்கார்ந்து எழுதிக்கோ." நாளையிலிருந்து மத்தியானம் ஒரு மணி நேரம்.

6 நவம்பர் 2024

"அப்டேட் பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாமா?" முடியாது. அடுத்த திருத்தம் வரும்வரை இருப்பதோடு வாழவேண்டும். நம்மால் செய்யக்கூடியது, தரவை முந்தைய நாளே இறக்கி நம் கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்வது. "அவர்கள் பேக்கப் எடுக்கிறார்களே" என்றால், எடுக்கிறார்கள், ஆனால் உங்கள் ஒருவருக்காக அதைத் திறக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டிருக்கிறீர்களா? 2022 ஏப்ரலில் அட்லாசியன் என்ற கிளவுட் மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பராமரிப்பு ஸ்கிரிப்டுக்குச் செயலியின் அடையாள எண்ணுக்குப் பதில் தளத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. பேக்கப் இருந்தது. ஆனால் சிலருக்குத் தளம் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது.

எங்கள் பிரதி ஒவ்வொரு ராத்திரியும் எடுக்கப்படுகிறது. அதைத் திறந்து பார்த்ததுண்டா என்று கேட்காதீர்கள்.

9 நவம்பர் 2024

திறந்து பார்த்தேன். பதிவுகளோடு சேர்த்த கோப்புகள் (அட்டாச்மென்ட்) சேரவில்லை, வெறும் அட்டவணைகள்தான். சரிசெய்கிறோம்.

3 பிப்ரவரி 2025

முதல் கேள்வியைக் கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். ஐடி ஆளுக்கு மாதத்தில் ஐந்து நாள் கொடுத்துவிட்டாராம், இப்போது அந்த ஆள் கணக்குப் பிரிவிலிருந்தும் ஒருவரை இரண்டு நாள் கேட்கிறாராம். "இது எங்கே போய் முடியும்?" என்கிறார்.

கொடுங்கள். நோட்டு வைத்திருப்பவர் யார் என்று முதலில் விசாரியுங்கள்.

14 ஜூன் 2025

சேல்ஸ்ஃபோர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: இந்தக் கோடைப் பதிப்போடு ஏபிஐயின் (மற்ற மென்பொருள்கள் அதோடு பேசும் வாசல்) 21 முதல் 30 வரையிலான பதிப்புகள் ஓய்வு பெறுகின்றன. பழைய இணைப்பு எதுவும் அந்த எண்ணில் அழைக்கிறதா என்று பதிவேட்டில் பாருங்கள். 2023-ல் நடக்க வேண்டியது, இரண்டு வருடம் தள்ளி வைத்தார்கள். இன்னொரு தடவை தள்ளுவார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் அக்காவின் நோட்டிலிருந்து 38 சோதனைகள் எழுதி முடித்தாயிற்று. அதில் 25 தானாகவே ஓடுகின்றன, ஒவ்வொரு முன்னோட்டத்திலும் ராத்திரி ஓடி காலையில் அறிக்கை வரும். நேற்று அக்காவுக்குப் பெருமையாகக் காட்டினேன். 25-ம் பச்சை. கண்ணாடியைச் சரிசெய்து நிதானமாகப் பார்த்தார்.

"பதிப்பு எண் மாறியிருக்கான்னு பார்த்தியா?"

பார்த்தேன். மாறியிருக்கவில்லை. முன்னோட்டம் திங்கட்கிழமைதான்.